ஐந்நூற்று நாற்பதை ஒளித்த கதை

பொய் சொல்வது தப்பு என்று எழுத நான் உட்காரவில்லை. அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் இதுவரை சொன்ன பொய்களில் முக்கால்வாசி எனக்கு ஏதோ ஒரு வகையில் உதவியிருக்கின்றன. ஒன்றே ஒன்றுதான், சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தாலே நன்மை நடந்திருக்கும் என்கிற வகை. அந்த ஒன்றைத்தான் நான் அமெரிக்காவுக்குச் சொன்னேன்.

இப்போது நான் பதுளைப் பக்கம் ஒரு பாடசாலையில் கணக்கு ஆசிரியை. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் என்னைக் 'கடுப்பு மிஸ்' என்று சொல்வது எனக்குத் தெரியும். சொல்லட்டும். அந்தக் கடுப்பு எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

எங்கள் வீடு நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். அம்மா கொழுந்து எடுப்பவர். அப்பா தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. சரிவில் கட்டிய லயத்து வரிசை வீட்டில் பிறந்து, மழை பெய்கிற ஒவ்வொரு முறையும் மேலே மண்ணைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் சிவில் எஞ்சினியர் ஆக ஆசைப்பட்டதில் அதிசயம் எதுவும் இல்லை. ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவு எடுத்தேன். பல்கலைக்கழகத்துக்குப் பார்க்கிற இசட் ஸ்கோர் கொஞ்சத்தில் தவறியது. (கொஞ்சத்தில் தவறியது என்றால் தவறியது என்றுதான் அர்த்தம். அந்தக் 'கொஞ்சம்' நாங்களாகச் சேர்த்துக்கொள்வது.) உள்ளூரில் எஞ்சினியர் படிப்புக் கிடையாது என்று ஆகிவிட்டது.

அப்போதுதான் பதுளையில் எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த சேர் அந்த அமெரிக்கக் கல்லூரியைப் பற்றிச் சொன்னார். வருடத்துக்கு ஒன்றிரண்டு வெளிநாட்டுப் பிள்ளைகளை முழுப் புலமைப்பரிசிலில் எடுப்பார்களாம். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, விமான டிக்கெட் எல்லாம் அவர்களே. அது கிடைத்தால் எஞ்சினியர். கிடைக்காவிட்டால் இல்லை. இடையில் வேறு வழி இல்லை.

அதற்கு எஸ்.ஏ.டி. என்று ஒரு பரீட்சை எழுத வேண்டும். இரண்டு பாகம். ஆங்கிலத்துக்கு எண்ணூறு, கணக்குக்கு எண்ணூறு. எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். எந்தத் தடவை எடுத்த மார்க்கைக் கல்லூரிக்கு அனுப்புவது என்பதை எழுதியவரே தீர்மானிக்கலாம்.

இந்தக் கடைசி வசதிதான் என்னைக் கவிழ்த்தது. அதுவரை எங்களை யாரும் எதையும் தீர்மானிக்கச் சொன்னதில்லை. பழக்கம் இல்லாதவர் கையில் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

முதல் தடவை கொழும்புக்குப் போய் எழுதினேன். கணக்கு எழுநூற்று அறுபது. ஆங்கிலம் நானூற்று முப்பது. (அந்த நானூற்று முப்பதில் இருநூறு, போய்க் கதிரையில் உட்கார்ந்ததற்கே கொடுப்பது. மீதிதான் என் உழைப்பு.) கூட்டினால் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு.

பிறகு ஐந்து மாதம் ஆங்கிலத்தைப் பிடித்துக் கொன்றேன். சாமான் சுற்றி வந்த ஆங்கிலப் பேப்பரை எண்ணெய்க் கறையோடு வாசித்தேன். குழாயடியில் தண்ணீருக்கு நிற்கும்போதும் வாய்க்குள் வாசித்துக்கொண்டே இருந்தேன். "இந்தப் புள்ளைக்கு யாரோ என்னமோ வச்சிட்டாங்க" என்று பக்கத்து வீட்டில் சந்தேகப்பட்டார்கள். கணக்குப் புத்தகத்தை மட்டும் தொடவே இல்லை. எனக்கு எதற்கு? தோட்டத்தில் எனக்குக் 'கணக்கப்பிள்ளை' என்றே பெயர். அந்தத் திமிரோடு இரண்டாம் தடவை போய் உட்கார்ந்தேன். கணக்குப் பகுதியைச் சீக்கிரம் முடித்தேன். பென்சிலைக் கூராக்கினேன். சுற்றி இருந்தவர்கள் இன்னும் வியர்த்துக்கொண்டு எழுதுவதைப் பார்த்து மனம் இரங்கினேன். வினாத்தாளைத் திரும்ப வாங்க வந்த பெண் அதை மூடும்போதுதான், நான் முடித்த இடத்துக்குப் பின்னால் இன்னும் இரண்டு பக்கம் இருப்பதைப் பார்த்தேன்.

ஆங்கிலம் அறுநூற்றுப் பத்து. கணக்கு ஐந்நூற்று நாற்பது. கூட்டினால் ஆயிரத்து நூற்றைம்பது.

ஐந்து மாதம் படித்து நாற்பது மார்க் குறைந்திருக்கிறேன். அதுவும் கணக்கப்பிள்ளை, கணக்கில்.

இரண்டு மார்க் ஷீட்டையும் தரையில் வைத்துக்கொண்டு வீட்டில் விசாரணை நடந்தது. எதை அனுப்புவது என்பதுதான் கேள்வி.

அப்பாவின் பதிலைப் புரிந்துகொள்ள எங்கள் வீட்டு நீலப் பீப்பாயைத் தெரிந்திருக்க வேண்டும். மூடி திருகுகிற பிளாஸ்டிக் பீப்பாய். மீரியபெத்தையில் மலை சரிந்த பிறகு, தப்பியவர்கள் உயிர் இருந்தும் காகிதம் இல்லாமல் நின்றதை அப்பா கேள்விப்பட்டார். அடுத்த வாரமே பீப்பாய் வாங்கி வந்து வீட்டில் இருந்த எல்லாக் காகிதத்தையும் அதற்குள் போட்டார். மண்ணுக்குள் போனாலும் நனையாதாம். "நாம போனா?" என்று அம்மா கேட்டதற்கு, "நாம யாருன்னு கண்டுபிடிக்கவாவது பேப்பர் இருக்கும்ல" என்றார். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, சம்பளத் துண்டுகள், ஆறாம் வகுப்பில் நான் ஒருத்தியைக் கடித்ததற்குப் பாடசாலையிலிருந்து வந்த கடிதம், செத்துப்போன எங்கள் நாயின் ஊசிக் கார்டு வரைக்கும் அதில் இருக்கிறது.

இதைப் பைத்தியம் என்று சொல்ல முடியாது. அப்பாவின் அப்பா பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தபோது ஒரு காகிதம் குறைந்தது. ஒரே ஒரு காகிதம். அதனால் சாகும்வரை அவர் எந்த நாட்டுக்காரராகவும் இல்லை. அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரே சட்டம்: ஆபீசில் ஒன்று கேட்டால் ஒன்பது கொடு.

"ரெண்டையும் அனுப்பு," என்றார் அப்பா. "ஏ.எல்., ஓ.எல்., ஸ்கொலர்ஷிப் மார்க், எல்லாத்தையும் சேர்த்து அனுப்பு. ஒன்னு குறைஞ்சா பேரையே வெட்டிருவாங்க."

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் அனுபவம் வேறு. மடுவம் என்கிற கொட்டகையில் கொழுந்தை நிறுக்கும்போது சாக்குக்குள் ஒரு பிடி முத்தின இலை தெரிந்தால் போதும், நல்ல கொழுந்துக்கும் சேர்த்துக் கிலோவை வெட்டிவிடுவார்கள். அதனால் நிறுவைக்கு முன்னால் உட்கார்ந்து முத்தின இலையைப் பொறுக்கி வெளியே போடுவது அம்மாவின் கைக்குத் தானாக வருகிற வேலை.

"முத்தின இலைய உள்ள வச்சு அனுப்பினா மொத்தத்தையும்தான் வெட்டுவாங்க," என்றார் அம்மா. "நல்லத மட்டும் அனுப்பு புள்ள."

"கொழுந்தும் பேப்பரும் ஒன்னா?"

"வெட்டுறவன் ஒன்னுதானே."

என் தங்கை கௌசி, அப்போது பத்தாம் வகுப்பு, "அந்தக் கல்லூரியில எப்படிச் சொல்லியிருக்காங்கன்னு பாத்தியாக்கா?" என்று கேட்டாள். "நீ போய்ப் பாடத்தைப் படிடி" என்றேன். (அந்த நாளில் அந்த வீட்டில் கேட்கப்பட்ட ஒரே புத்தியுள்ள கேள்வி அதுதான்.)

கடைசியில் நான் அம்மா பக்கம் சாய்ந்தேன். ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு பெரியது, ஆயிரத்து நூற்றைம்பது சிறியது. தவிர, எஞ்சினியர் ஆகப் போகிறவள் கணக்கில் ஐந்நூற்று நாற்பது என்று வெளியே சொல்ல எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. முதல் தடவை மார்க்கை மட்டும் அனுப்பினேன். இரண்டாவதை அப்பா பீப்பாய்க்குள் போட்டார். "பேப்பரத் தூக்கிப் போடக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்துக் கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நேர்முகம், வீடியோவில்.

தோட்டத்தில் போன் சிக்னல் கிடைக்க வேண்டுமென்றால் வாட்டர் டேங்க் மேல் ஏற வேண்டும். டேங்க் மேல் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காவோடு பேச முடியாது. அப்பா ஒவ்வொரு தீபாவளிக்கும் துணி எடுக்கிற பதுளைப் புடவைக் கடை முதலாளியிடம் கேட்டார். அவர் பின்னறையையும் தன் லேப்டாப்பையும் கொடுத்தார். கொடுத்தவர் சும்மா இருக்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த சுவர் பழசாகத் தெரிகிறதென்று மெரூன் கலர்ப் பட்டுச் சேலை ஒன்றை விரித்துத் தொங்கவிட்டார்.

"முதலாளி, இது நேர்முகம்."

"இருக்கட்டும் பாப்பா. அவங்களும் பார்க்கட்டும். கல்யாணப் பொண்ணுங்க அங்கயும் இருப்பாங்கதானே."

மாலை ஆறரை. அவர்களுக்குக் காலை. திரையில் ஓர் அம்மா வந்தார். நரைத்த தலை, பச்சை ஸ்வெட்டர், கையில் பெரிய கோப்பை. எனக்கு இடப்பக்கம், கேமராவுக்குத் தெரியாத இடத்தில், துணிப் பொதிகள் மேல் அப்பாவும் முதலாளியும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் மடியில் ஒரு பை. பீப்பாயில் இருந்ததில் பாதியை அந்தப் பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தார். "வீடியோவுல எதுக்குப்பா பேப்பர்?" என்று பஸ்ஸிலேயே கேட்டேன். "கேட்டா?" என்றார்.

முதல் கால்மணி நேரம் நான் பேசியதை இன்றைக்கும் யாராவது பதிவு செய்திருந்தால் கேட்க ஆசை. அவ்வளவு நன்றாகப் பேசினேன். சரிவில் தண்ணீர் எப்படி இறங்கும், லயத்துக்குப் பின்னால் வெட்டிய தண்ணீர்க் கான் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும், ஏன் எஞ்சினியர் ஆக வேண்டும், எல்லாம். அந்த அம்மா கோப்பையைத் தொடவே மறந்துவிட்டார். சேலையும் அழகாக இருக்கிறது என்றார். முதலாளி பொதி மேல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிறகு அந்த அம்மா கேட்டார். "உங்கள் கணக்கு மார்க் மிக நல்லது. ஆங்கில மார்க்தான் குறைவு. ஆனால் நீங்கள் இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்களே. இந்தப் பரீட்சையை இன்னொரு தடவை எழுத முடியவில்லையா?"

இதைவிட அன்பாக ஒருவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. நான் அந்தக் கதவில் தலையை இடித்துக்கொண்டேன்.

"இல்லை மேடம்," என்றேன் ஆங்கிலத்தில். "ஒரே ஒரு தடவைதான் எழுதினேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கொழும்பு எவ்வளவு தூரம், மழைக்கு ரோடு எப்படி உடைந்துபோகும், எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டாம் வாய்ப்பு என்பதே கிடையாது என்று இறங்கிவிட்டேன். அந்த அம்மாவின் கண் கலங்கியது. நான் எழுதாததாகச் சொன்ன அந்தப் பரீட்சையை நினைத்து எனக்கும் கொஞ்சம் கலங்கியது.

பக்கத்தில் குசுகுசுப்பு கேட்டது.

"பாப்பா என்ன சொல்லுது முதலாளி? அந்தம்மா அழுவுற மாதிரி இருக்கு."

"பரீட்சைய ஒரே தடவதான் எழுதிச்சாம். ரெண்டாந்தடவ எழுத வசதி இல்லையாம். பாவம்ண்ணே."

"ரெண்டு தடவ எழுதினாளே."

"ஒன்னுன்னுதான் சொல்லுது."

"இல்லீங்க, ரெண்டு. பேப்பர் இருக்கு."

பையின் ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்கு ஆகாது. எந்த ஜிப் ஆனாலும்.

நான் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இடது கையை மேசைக்குக் கீழே நீட்டி ஆட்டினேன், வேண்டாம் என்று. அப்பா அதை, காகிதத்தைக் கேட்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். எழுந்து வந்தார். எனக்கும் கேமராவுக்கும் நடுவில் நின்று, மார்க் ஷீட்டை இரண்டு கையாலும் பிடித்து, லேப்டாப்பின் முகத்தில் ஒட்டுவது போல வைத்தார். அமெரிக்காவில் அந்த நேரம் திரை முழுக்க என் ஐந்நூற்று நாற்பதுதான் தெரிந்திருக்கும்.

"மேடம், டூ டைம்," என்றார் அப்பா. அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் அன்றைக்குச் செலவழித்தார். "மை டோட்டர், டூ டைம். பேப்பர் ஹியர்."

லேப்டாப்பை மூடப் போனேன். "மெல்ல பாப்பா, அது என்னோடது," என்று முதலாளி குறுக்கே கை வைத்தார். பிறகு அந்த அம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"இது யார்?"

"என் அப்பா."

"கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல்ல முடியுமா? எனக்கு வாசிக்க முடியவில்லை."

அப்பா தள்ளிப் பிடித்தார். அந்த அம்மா கண்ணாடி போட்டு வாசித்தார். பேனா எடுத்து ஏதோ எழுதினார். எழுதியதைப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் முகத்தில் இருந்தது குழப்பம்.

"எனக்குப் புரியவில்லை," என்றார். "இதை ஏன் அனுப்பவில்லை? நாங்கள் இரண்டு தடவையிலிருந்தும் கூடின மார்க்கைத்தானே எடுப்போம். முதல் தடவையிலிருந்து கணக்கு எழுநூற்று அறுபது. இரண்டாவதிலிருந்து ஆங்கிலம் அறுநூற்றுப் பத்து. உங்கள் மார்க் ஆயிரத்து முந்நூற்று எழுபது. முழுப் புலமைப்பரிசிலுக்கு நாங்கள் பார்ப்பது ஆயிரத்து முந்நூறு."

இதை எப்படிச் சொல்வது. எங்களை வெட்டுகிறவர்களை எங்களுக்குத் தெரியும். காகிதம் குறைந்தால் பெயரை வெட்டுவார்கள், அது அப்பாவுக்குத் தெரியும். இலை முத்தினால் கிலோவை வெட்டுவார்கள், அது அம்மாவுக்குத் தெரியும். இரண்டு சாக்கையும் கொண்டுவரச் சொல்லி, இதில் நல்லதை எடுத்து, அதிலும் நல்லதை எடுத்து, மீதியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, இதுதான் உன் நிறை என்று எழுதிக்கொள்கிற ஓர் ஆபீஸ் உலகத்தில் இருக்கும் என்று எங்கள் மூன்று தலைமுறையில் ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. நிறுக்கிறவனே நம் நல்லதைத் தேடி எடுப்பானா? யாராவது சொன்னால் நாங்கள் சிரித்திருப்போம்.

பாதகமில்லாத காகிதத்தை ஒளித்திருக்கிறேன். அது இல்லாமல் எனக்கு இடம் இல்லை என்கிற காகிதத்தை. அதை ஒளிக்க ஒரு பொய்யும் சொல்லி, பொய்க்கு மழையும் பெய்ய வைத்திருக்கிறேன்.

"ஸொரி மேடம்," என்றேன். ஐந்து மாதம் படித்த ஆங்கிலத்தில் அந்த நேரம் மிஞ்சியது அவ்வளவுதான்.

"அதிகாரபூர்வமாக அந்த மார்க்கை அனுப்புங்கள். குழுவிடம் சொல்கிறேன்," என்றார். பேனாவை மூடிவிட்டு, "எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்," என்றார். பிறகு அப்பாவைப் பார்த்துக் கை கூப்பினார். அப்பாவும் கூப்பினார். திரை இருண்டது.

முதலாளி சேலையை மடித்துக்கொண்டே கேட்டார். "அப்ப, ஒளிக்காம இருந்திருந்தா கிடைச்சிருக்குமா?"

அப்பா மார்க் ஷீட்டைப் பைக்குள் வைத்தார். முதலாளியே, "நல்ல பட்டு. கேமராவுல நல்லாத்தான் விழுந்திருக்கும்," என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் நான் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். பசறைப் பஸ்ஸுக்கு நின்ற சனம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"உங்களாலதான் எல்லாம் போச்சு. யாருப்பா உங்களக் காட்டச் சொன்னது?"

அப்பா பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவர் கத்துகிற ஆள் இல்லை.

"பேப்பர் இல்லாம, இருக்குன்னு சொன்னவங்களப் பார்த்திருக்கேன் பாப்பா," என்றார். "பயத்துல சொல்லுவாங்க. பேப்பரக் கையில வச்சுக்கிட்டு இல்லைன்னு சொன்ன ஆள நான் இன்னிக்குத்தான் பார்க்குறேன்."

"அம்மாதானே ஒளிக்கச் சொன்னாங்க."

"அம்மா அனுப்பாதன்னுதான் சொன்னா. எழுதலைன்னு சொல்லச் சொன்னாளா?"

பஸ் வந்தது. ஏறினோம். ஒரே சீட்டில் உட்கார்ந்தோம், வேறு சீட் இல்லை.

மார்க்கை அதிகாரபூர்வமாக அனுப்பினோம். போய்ச் சேர்ந்தது என்று பதிலும் வந்தது. மூன்று வாரம் நான் கடவுளிடம் பேசிய மாதிரி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். முதலில் கெஞ்சினேன், பிறகு மிரட்டினேன். கடைசியில் வந்த கடிதம் ரொம்ப மரியாதையாக இருந்தது. விண்ணப்பித்ததற்கு நன்றி, இந்த வருடம் இடம் தர முடியவில்லை, எதிர்காலம் சிறக்கட்டும். காரணம் எழுதவில்லை. அவர்கள் எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன். மார்க் போதும். ஆள் பொய்க்காரி.

கடிதத்தைப் பீப்பாய்க்குள் போடப் போன அப்பா உள்ளே எதையோ தேடி, கிளிப் போட்ட ஒரு காகிதக் கட்டை எடுத்து வெளியே வைத்தார். நான் விண்ணப்பித்த நாளில் அந்தக் கல்லூரி இணையப் பக்கம் முழுவதையும் போட்டோ கொப்பிக் கடையில் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறார். ஆபீஸ் சம்பந்தப்பட்டது எதுவும் காகிதமாக இருக்க வேண்டும் என்பதற்காக. அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. கௌசிதான் எடுத்து வாசித்தாள். நாலாம் பக்கத்தில் ஆறே வரி. 'பல தடவை பரீட்சை எழுதியவர்கள் எல்லா மார்க்கையும் அனுப்பவும். ஒவ்வொரு பாகத்திலும் கூடியதையே கணக்கில் எடுப்போம்.' பெரிய எழுத்தில், தலைப்பும் போட்டு.

"நானூற்று முப்பதுக்குக்கூட இது விளங்கியிருக்குமேக்கா," என்றாள்.

அவளை அடித்தேன். மெதுவாகத்தான். அம்மா குறுக்கே வந்து எங்கள் இருவரையும் பிரித்துவிட்டுப் போய் அடுப்பைப் பார்த்தார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் என் தட்டில் மட்டும் இரண்டு முட்டை இருந்தது.

நான் கல்வியியற் கல்லூரிக்குப் போனேன், ஆசிரியை ஆனேன். அதோடு கதை முடிந்தது என்றால் நான் இவ்வளவு கடுப்பாக இருந்திருக்க மாட்டேன்.

கௌசி உயர்தரம் முடித்தாள். அதே கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். மூன்று தடவை எஸ்.ஏ.டி. எழுதினாள், மூன்றையும் அனுப்பினாள். அப்பா அதோடு விடவில்லை. பீப்பாயைக் கவிழ்த்து, அவள் ஓ.எல்., ஏ.எல்., ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப், வலைப்பந்துச் சான்றிதழ், பிறந்ததிலிருந்து போட்ட தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி அனுப்ப வைத்தார். "தடுப்பூசி அட்டை இப்போது தேவையில்லை" என்று கல்லூரியிலிருந்து ஒரு வரி வந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மூன்று மாதம் கழித்து இடம் கிடைத்த கடிதத்தோடு ஒரு பட்டியல் வந்தது. முதல் வரி: தடுப்பூசி அட்டை அனுப்பவும்.

"கேட்டாங்களா இல்லையா?" என்றார் அப்பா. ஒரு வாரம், பார்க்கிற ஆட்களிடமெல்லாம், தோட்டத்துத் தொரையிடம்கூட.

கௌசியின் கூட்டல் ஆயிரத்து முந்நூற்றுப் பத்து. என்னுடையதைவிட அறுபது குறைவு. இதை எழுதாமல் விட முடியாது. அவள் அங்கே கடல் உயிர்களைப் பற்றிப் படிக்கிறாள். பதினெட்டு வயதில்தான் முதன்முதலாகக் கடலையே பார்த்தாள். அந்தப் பச்சை ஸ்வெட்டர் அம்மா அவளைப் பார்த்ததும், "உங்கள் அப்பா எப்படி இருக்கிறார்?" என்றுதான் கேட்டாராம். என்னைக் கேட்கவில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பதுளையில் தபால் கந்தோரில் வேலை. தேத்தண்ணீர் கொடுத்து முடியவில்லை, அப்பா என் இரண்டு மார்க் ஷீட்டையும் கொண்டுவந்து மாப்பிள்ளை கையில் வைத்தார். "ரெண்டையும் பார்த்துக்குங்க தம்பி. பின்னால, ஒன்னுதான் காட்டினாங்கன்னு சொல்லக் கூடாது," என்றார். எனக்கு அந்த இடத்திலேயே சுவருக்குள் போய்விடலாம் போல இருந்தது. மாப்பிள்ளை இரண்டையும் பொறுமையாக வாசித்தார். "ரெண்டுலயும் நல்லத எடுத்துக்கிட்டா போதும்ங்க," என்றார். அதனால்தான் அவரைக் கட்டினேன். வேறு காரணம் எதுவும் கிடையாது என்று அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் இது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. மீன் நல்லது என்று மீன்காரர் சொன்னால் அம்மா கேட்பார், "மத்த பேப்பரக் காட்டு." வகுப்பில் பிள்ளை ஒன்று வயிற்றுவலி என்று வந்து நின்றால் நானும் அதையே கேட்கிறேன். அவர்களுக்குப் புரிவதில்லை, ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கௌசி அமெரிக்காவிலிருந்து கூப்பிடுவாள். "எப்படிக்கா இருக்க?" என்பாள். "நல்லாருக்கேன்டி" என்பேன்.

"மத்த பேப்பர்?" என்பாள்.

அதற்கு மேல் முக்கால் மணி நேரம் பேச வேண்டியிருக்கும்.